குகைக்கு வயது 21,000, உள்ளே இருக்கும் நண்டுக்கு?

உப்புக்காற்று:

வணக்கம் நண்பர்களே. பயணிகள் கப்பலில் சமையல் பிரிவில் வேலை பார்க்கிறேன். போன மாதம் கேனரித் தீவுகளில் லான்சரோட்டேயில் ஒரு பகல் நின்றோம். ஆறு மணி நேரம் வெளியே போய்வர விட்டார்கள், நாலு பேர் சேர்ந்து டாக்சி பிடித்து ஜமேயோஸ் டெல் அகுவா என்ற இடத்துக்குப் போனோம். எரிமலைக் குழம்பு ஓடி வடிந்த பிறகு மிச்சமான நீளக் குழாய் போன்ற குகை அது. கூரை இடிந்து விழுந்த இடத்தில் படி வைத்திருக்கிறார்கள். இறங்கினால் உள்ளே அசையாத ஒரு குளம். செசார் மன்ரீக் என்ற அந்த ஊர்க் கலைஞர் 1960களில் இதைச் சுற்றுலா இடமாக மாற்றினாராம், உணவகம், கச்சேரி அரங்கம் எல்லாம் குகைக்குள்ளேயே உண்டு.

விஷயம் அதுவல்ல. குளத்தின் அடியில் கறுப்புப் பாறை மேல் பச்சரிசி சிந்தினாற்போல் வெள்ளைப் புள்ளிகள். குனிந்து பார்த்தால் அத்தனையும் நண்டு! கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, தும்பைப்பூ வெள்ளை, கண் தெரியாது. உலகத்தில் வேறெங்கும் இல்லை, இந்தத் தீவில் மட்டும்தான், சொந்தக்காரர்கள் எல்லாரும் ஆழ்கடலில் இருக்கிறார்கள் என்றார்கள். சரி என்று கேட்டுக்கொண்டேன். அப்புறம் அறைக்கு வந்து தேடிப் படித்தால், அதே குகையின் தண்ணீருக்குள் போன பகுதியில் டைனோசருக்கும் முந்தைய வம்சம் ஒன்று இருக்கிறதாம். ஆனால் அந்தக் குகையே சுமார் 21,000 ஆண்டுக்கு முன் வெடித்த எரிமலையில் உருவானதுதான்.

இதுதான் எனக்கு இடிக்கிறது. குகை நேற்று முளைத்தது. அவ்வளவு பழைய உயிர் அதற்குள் எப்படி வந்து உட்கார்ந்தது? தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லுங்கள், நான் பன்னிரண்டாம் வகுப்பு வணிகவியல்.

வாசகன்77:

இதில் என்ன குழப்பம். எரிமலை கடலுக்கடியில் வெடித்திருக்கும், ஆழத்தில் இருந்த நண்டு மேலே வந்து மாட்டிக்கொண்டிருக்கும். இருட்டில் கண் தேவையில்லை, போய்விட்டது.

பாறைநண்டு:

வாசகன், நீங்கள் சொல்வதில் ஒரு சிக்கல். இந்தக் குகையை உண்டாக்கிய மோந்தே கொரோனா எரிமலை கடலடியில் வெடிக்கவில்லை, தரையில் வெடித்தது. அப்போது பனியுகத்தின் உச்சக்கட்டம். கடல்நீரில் ஒரு பங்கு நிலத்தின் மேல் பனிப்பாளமாகக் கிடந்ததால் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குக் கீழே இருந்தது. குழம்பு மலையிலிருந்து இறங்கி அன்றைய கரையை நோக்கி ஓடியது. அப்புறம் பனி உருகிக் கடல் ஏறியதும் குழாயின் கடைசி 1.6 கிலோமீட்டர் முழுகிப்போனது. அந்த முழுகின பகுதிக்குத்தான் அட்லாண்டிடா சுரங்கம் என்று பெயர். ஆகக் கடல்நீரும் அதிலிருக்கும் உயிர்களும் உள்ளே வந்தது வெடிப்புக்கு ரொம்பப் பிறகு.

உப்புக்காற்று, நீங்கள் பார்த்தது உண்மையில் நண்டு இல்லை. அமைப்பில் நண்டுக்கும் சிங்கி இறாலுக்கும் நடுவில் நிற்கிற ஒரு கூட்டம், உறவு முறையில் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டுக்குத்தான் பக்கம். பெயர் முனிடோப்சிஸ் பாலிமார்ஃபா, 1892இல் கோல்பெல் என்பவர் விவரித்து எழுதினார். அந்த ஊர்க்காரர்கள் செல்லமாக ஹமெயிட்டோ என்பார்கள்.

இனி உங்கள் கேள்வி. குகையின் வயதையும் உள்ளே இருப்பவரின் வயதையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதால்தான் இடிக்கிறது. நான் குடியிருக்கும் அபார்ட்மெண்ட் 2019இல் கட்டியது. என் குடும்பம் 2019இல் தொடங்கியதா என்ன? அதற்கு முன் வேறு வீடு, அதற்கு முன் இன்னொரு வீடு. இந்த உயிர்களுக்கும் அப்படித்தான். குகை என்பது நாம் உடம்பை நுழைத்துப் பார்க்க முடிகிற அளவுக்குப் பெரிய ஓட்டை, அவ்வளவுதான். அவற்றின் ஊர் கடலோரப் பாறைக்குள் இருக்கும் விரிசல், பொந்து, இடுக்கு எல்லாம் சேர்ந்தது. அலை ஏற ஏறக் கடல்நீர் பாறைக்குள் ஊறும், இறங்க இறங்க வடியும், மேலே மழைநீர் மிதக்கும். வெளியே கடலோடு நேராகத் திறப்பு இருக்காது, ஆனால் நீர்மட்டம் மட்டும் கடலோடு சேர்ந்து ஏறி இறங்கும். இப்படிப்பட்ட நீர்நிலைகளுக்கு அங்கியாலைன் என்று 1973இல் பெயர் வைத்தவர் ஹோல்தைஸ் என்ற டச்சு விலங்கியலாளர். கிரேக்கத்தில் 'கடலுக்குப் பக்கத்தில்' என்று பொருள்.

ஹவாயில் ஓபயே உலா என்று ஒரு சிவப்புக் குட்டி இறால் உண்டு, ஹாலோகரிடினா ரூப்ரா, அரை அங்குலம்கூட இருக்காது. (கண்ணாடி உருண்டைக்குள் அடைத்து மேஜை அலங்காரமாக விற்கிறார்களே, அந்தப் பாவப்பட்ட ஜீவன்தான்.) அங்கே கடலோர லாவாப் பாறையில் தண்ணீர் தட்டும் வரை புதிதாகக் குழி தோண்டினால், யாரும் கொண்டுவந்து விடாமலேயே அந்த இறால் வந்து சேரும். குழி புதிது, இறால் பாறைக்குள் முன்பே இருந்தது.

இன்னொரு சாட்சி எனக்கு ரொம்பப் பிடித்தது. பஹாமாஸ், பெர்முடா, மெக்சிகோவின் யுகடான் ஆகிய இடங்களில் முழுகிய சுண்ணாம்புக் குகைகளில் நீந்திப் போனால், கூரையிலிருந்து ஆலம் விழுது மாதிரி சுண்ணாம்புத் தொங்கல்கள் இறங்கியிருக்கும். அவை காற்றில் சொட்டுச் சொட்டாகத்தான் வளரும், தண்ணீருக்குள் வளராது. அப்படியானால் பனியுகத்தில் அந்தக் குகைகள் காய்ந்து கிடந்தன. ஆனால் இன்று அதே குகைகளில் வேறெங்கும் இல்லாத உயிர்கள் இருக்கின்றன. கடல் இறங்கும்போது பாறை இடுக்கு வழியாகக் கூடவே இறங்கி, ஏறும்போது கூடவே ஏறியிருக்கின்றன. ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு பனியுகத்துக்கும். லான்சரோட்டே தீவுக்கே சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டு வயது. பழைய பாறை அங்கே நிறைய இருக்கிறது. அதன் இடுக்கில் இருந்தவை, புதுக்குழாயில் தண்ணீர் நிறைந்ததும் பக்கத்து வீட்டுக்கு மாறுவதுபோல் மாறிவிட்டன.

உப்புக்காற்று:

அபார்ட்மெண்ட் உதாரணம் பிடித்தது, நன்றி. ஆனால் அது பாதிக் கேள்விக்குத்தான் பதில். பாறை இடுக்குக்குள் முதன்முதலில் வந்தது எங்கிருந்து? ஆழ்கடலில் இருந்தா? சொந்தக்காரர்கள் அங்கே இருக்கிறார்கள் என்றால் அப்படித்தானே தோன்றுகிறது.

பாறைநண்டு:

உங்கள் வெள்ளை நண்டு விஷயத்தில் அப்படிச் சொல்ல நியாயம் இருக்கிறது. முனிடோப்சிஸ் பேரினத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள், ஏறக்குறைய எல்லாமே ஆழ்கடல்வாசிகள். ஆழ்கடலும் குகையும் ஒரு வகையில் ஒன்றுதான்: இருட்டு, தீனி கொஞ்சம், வெப்பநிலை பெரிதாக மாறாது. எரிமலைத் தீவின் சரிவில் இடுக்கு இடுக்காக ஏறி வந்தால் ஆழத்திலிருந்து கரைக்கு ஒரே இருட்டுப் பாதை.

1985இல் இந்தக் கருத்துக்குப் பெரிய தெம்பு கிடைத்தது. பெர்முடாவின் குகைகளில் 3 மில்லிமீட்டர் அளவில் மிக்டோகாரிஸ் என்ற ஓட்டுடலி (இறால், நண்டு வகையறா) ஒன்று கிடைத்தது. அதே சமயத்தில் தென்னமெரிக்காவின் வடகிழக்குக் கரைக்கு அப்பால் சுமார் 1,000 மீட்டர் ஆழத்துச் சேற்றில் ஹிர்சூட்டியா என்ற ஒன்று கிடைத்தது. இரண்டையும் சேர்த்து மிக்டேசியா என்று புது வரிசையே தொடங்கினார்கள். ஒன்று குகை, ஒன்று ஆழ்கடல், ஒரே குடும்பத்துப் பங்காளிகள்! அந்த நேரத்தில் பலருக்கும் விஷயம் முடிந்தது என்றுதான் தோன்றியிருக்கும். பிற்பாடு சில விலங்கியலாளர்கள் உட்கார்ந்து நுணுக்கமாகப் பார்த்து, இல்லை, இரண்டும் வேறு வேறு வரிசை என்று பிரித்துவிட்டார்கள். வெள்ளையாக, கண் இல்லாமல் இருப்பதை வைத்து உறவு சொல்லவே கூடாது. இருட்டுக்குள் போகிற எதுவும் அந்தக் கோலத்துக்கு வந்து சேரும்.

எல்லாவற்றுக்கும் ஆழ்கடல்தான் ஊற்று என்றால் டிஃப்லாட்டியா என்ற குகை இறாலை எங்கே வைப்பது? அது அட்டியிடே குடும்பம், ஆறுகளிலும் குளங்களிலும் வாழும் நன்னீர் இறால்களின் குடும்பம். ஆழ்கடலில் அதற்குச் சொந்தமே கிடையாது.

பழங்கடல்:

பாறைநண்டு அண்ணா பொறுமையாகத்தான் எழுதுகிறார், ஆனால் முக்கியமான ஆளை விட்டுவிட்டார். டெத்திஸ் கடல்!

உப்புக்காற்று, உலக வரைபடத்தை எடுத்து இந்த உயிர்கள் கிடைத்த இடங்களில் புள்ளி வையுங்கள். ரெமிபீட் என்ற துடுப்புக்காலிகளை எடுத்துக்கொள்ளுங்கள், நீங்கள் படித்த 'டைனோசருக்கு முந்தைய வம்சம்' அதுதான். பஹாமாஸ், கியூபா, டொமினிகன் குடியரசு, யுகடான் என்று கரீபியனைச் சுற்றி ஒரு கொத்து. அட்லாண்டிக்கின் இந்தப் பக்கம் உங்கள் லான்சரோட்டே. அப்புறம் இடையில் எதுவுமே இல்லாமல் நேராக மேற்கு ஆஸ்திரேலியாவின் கேப் ரேஞ்சில் பண்டேரா என்ற ஒரே ஒரு அமிழ்குழி. முப்பது வகை போலத்தான் உலகம் முழுக்க. ஆஸ்திரேலியாவில் இருப்பது 1996இல் எக்ஸ்லி என்ற பெயரோடு விவரிக்கப்பட்டது, இரண்டு ஆண்டு முன் மெக்சிகோவில் சகட்டோன் குழியில் மூழ்கி இறந்த குகைமுக்குளிப்பாளர் ஷெக் எக்ஸ்லியின் நினைவாக.

தெர்மோஸ்பேனேசியா என்று இன்னொரு குட்டி ஓட்டுடலிக் கூட்டம். அதில் ஹாலோஸ்பேனா பேரினம் கரீபியனில் உண்டு, கேனரியில் உண்டு, மேற்கு ஆஸ்திரேலியாவில் உண்டு, ஜப்பானின் தெற்குத் தீவு ஒன்றிலும் உண்டு. இந்தப் புள்ளிகளை இணைத்தால் என்ன வருகிறது? கண்டங்கள் ஒட்டியிருந்து பிரியத் தொடங்கிய காலத்தில் இன்றைய மெக்சிகோவிலிருந்து மத்தியதரைக் கடல் வழியாகக் கிழக்கே ஆசியா வரை கிடந்த டெத்திஸின் கரை வருகிறது. அட்லாண்டிக் திறந்து ஆண்டுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர், நம் விரல் நகம் வளரும் வேகத்தில், இரு கரைகளையும் பிரித்தது. கரையோடு ஒட்டியிருந்த இவையும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டன. நகர்ந்தது கரை, உயிர்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. எனக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் தெரியவில்லை.

உப்புக்காற்று:

கரை நகர்ந்தது என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இறால், நண்டுக்கெல்லாம் குஞ்சு தண்ணீரில் மிதந்து திரியும் என்று தூத்துக்குடிப் பையனுக்குக்கூடத் தெரியும். நீரோட்டத்தில் மிதந்து போயிருக்கலாமே? எதற்குக் கண்டங்களை நகர்த்த வேண்டும்?

பழங்கடல்:

மிதக்கும் குஞ்சு இருந்தால்தானே மிதக்கும்? தெர்மோஸ்பேனேசியாவில் தாய் முட்டையை முதுகில் ஓட்டுக்கு அடியில் வைத்துச் சுமக்கும், குஞ்சு ஏறக்குறைய உருப்பெற்றுத்தான் வெளியே வரும். ஆம்ஃபிபாட் என்ற இறால் மாதிரிக் குட்டி ஓட்டுடலிகளும் வயிற்றுப் பையில்தான் அடைகாக்கும். இவை பெருங்கடலைத் தாண்டுவது எப்படி? முதல் தெர்மோஸ்பேனா எங்கே கிடைத்தது தெரியுமா, துனீசியாவில் எல் ஹம்மா வெந்நீர் ஊற்றில், 45 டிகிரிச் சூட்டுத் தண்ணீரில்! 1924இல் மோனோ என்பவர் விவரித்தார். கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிற ஊர் அது.

பாறைநண்டு:

பழங்கடல் தம்பி, டெத்திஸை நான் விடவில்லை, வரிசையில் நிறுத்தியிருந்தேன். நீங்கள் முந்திக்கொண்டீர்கள். தெர்மோஸ்பேனேசியா விஷயத்தில் உங்கள் வாதம் பலமானது, ஒப்புக்கொள்கிறேன். அது எப்படிக் கரையை விட்டு உள்ளே போனது என்பதற்கு ஆம்ஸ்டர்டாமில் இருந்த யான் ஸ்டாக் ஒரு விளக்கம் சொன்னார். கடல் ஒரு காலத்தில் நிலத்தின் மேல் ஏறி நிற்கும், அப்போது மணலிடுக்கில் இவை குடியேறும். கடல் பின்வாங்கும்போது இவை வெளியேறாமல் நிலத்தடி நீரில் மாட்டிக்கொள்ளும், மெல்ல மெல்ல உப்புக் குறைந்த நீருக்கும் பழகிவிடும். வெள்ளம் வடிந்த பிறகு வயல் குட்டையில் மீன் தங்குவது போலத்தான், என்ன, இங்கே தங்கியது பல லட்சம் ஆண்டு.

ஆனால் டெத்திஸையே எல்லாப் பூட்டுக்கும் சாவியாக்க வேண்டாம். தெற்கு அட்லாண்டிக்கில் அசென்ஷன் தீவு. கடல் நடுவிலிருக்கும் மலைத்தொடர்ப் பகுதியில் எரிமலையாக முளைத்தது, வயது சுமார் 10 லட்சம் ஆண்டு, ஆப்பிரிக்கா 1,500 கிலோமீட்டருக்கும் அப்பால். எந்தக் கண்டத்தோடும் எந்தக் காலத்திலும் ஒட்டியதில்லை. டெத்திஸ் மூடி ரொம்பக் காலம் கழித்துப் பிறந்த தீவு. அங்கே கரையோரக் குட்டைகளில் இரண்டு இறால்கள்: ஒன்று டிஃப்லாட்டியா, இன்னொன்று புரோகாரிஸ். இரண்டையும் 1972இல் விவரித்தார்கள். இந்தப் புரோகாரிஸ் இருக்கும் மற்ற இடங்களில் சிலவற்றைப் பாருங்கள்: பெர்முடா, ஹவாய், இந்தியப் பெருங்கடலில் கிறிஸ்துமஸ் தீவு. நாலுமே எரிமலை மேல் எழுந்த தனித்தீவுகள். இவை கடலைத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும், லார்வாவாக மிதந்தோ, இன்று கடலுக்குள் அமிழ்ந்துபோன பழைய எரிமலைகளில் ஒவ்வொன்றாகத் தங்கித் தங்கியோ.

ஆகவே உப்புக்காற்று, உங்கள் 'மிதந்து போயிருக்கலாமே' இறால்களுக்குப் பொருந்தும், அடைகாப்பவைக்குப் பொருந்தாது. அதிலும் ஒரு வேடிக்கை. ஹவாய் இறாலுக்கு லார்வா உண்டு, ஆனாலும் ஹவாய்ப் பெரிய தீவின் மேற்குக் கரையில் இருப்பதும் கிழக்குக் கரையில் இருப்பதும் மரபணுவில் தனித்தனி என்று 2006இல் ஸ்காட் சாண்டோஸ் காட்டினார். ஒரே தீவு, நூறு கிலோமீட்டர் தூரத்துக்குள் உறவு விட்டுப்போயிருக்கிறது. மிதக்க முடியும் என்பதால் தினமும் மிதக்கிறது என்று அர்த்தமில்லை. எப்போதோ ஒரு தடவை, ஆயிரமாயிரம் ஆண்டுக்கு ஒரு தடவை நடந்தால் போதும், தீவு நிறைந்துவிடும்.

பூச்சிப்பித்தன்:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், ரெமிபீட் என்ற பெயரைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

1979இல் ஜில் யேகர் என்ற முக்குளிப்பாளர் கிராண்ட் பஹாமாவின் லூகாயன் குகைகளில் இதைக் கண்டார். நீள உடல், பக்கத்துக்கு வரிசையாகத் துடுப்புக் கால்கள், பார்க்கப் பூரான் மாதிரி, ஆனால் மல்லாந்து நீந்தும். கண் கிடையாது. 1981இல் புது வகுப்பு என்றே அறிவிக்க வேண்டியதாயிற்று. புதுச் சிற்றினம் தினமும் கிடைக்கும், புது வகுப்பு என்பது வேறு. பாலூட்டி ஒரு வகுப்பு, பறவை ஒரு வகுப்பு, அந்த அளவில் ஒன்று! பிற்பாடு வந்த பேரினங்களுக்குக் காட்ஸில்லியஸ், பிளியோமோத்ரா, குமோங்கா என்று ஜப்பானியப் பூதங்களின் பெயரை வைத்தார்கள். அதில் பெரியதே நாலரை சென்டிமீட்டர்தான், பெயர் வைத்தவருக்குக் குசும்பு.

இதற்கு விஷப்பல் வேறு உண்டு. 2013இல் யுகடான் ரெமிபீட் ஒன்றின் விஷத்தை ஆராய்ந்தார்கள். இரையின் தசையைக் கரைக்கும் நொதிகள், கூடவே சிலந்தி விஷத்தைப் போன்ற ஒரு நரம்பு நஞ்சு. ஓட்டுடலிகளில் விஷம் உறுதிப்பட்ட முதல் உயிர் இதுதான்.

இதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. அண்மைக்கால மரபணு ஆய்வுகள் பெரும்பாலும் சொல்வது, பூச்சிகளுக்கு மிக நெருங்கிய உறவு இந்த ரெமிபீட்தான் என்று. அதாவது உங்கள் வீட்டுக் கரப்பான், இறாலைவிட இந்தக் குகைத் துடுப்புக்காலிக்குக் கிட்டத்துச் சொந்தம். பூச்சிக் கூட்டத்தின் புதைபடிவம் ஸ்காட்லாந்தில் 40 கோடி ஆண்டுப் பாறையிலேயே இருக்கிறது, ஆகவே ரெமிபீட் கிளை பிரிந்தது அதற்கும் முன்பு. உப்புக்காற்று படித்த 'டைனோசருக்கு முந்தைய' என்பது குறைத்துச் சொன்னது.

பாறைநண்டு:

பித்தன் சொன்னது அத்தனையும் சரி, ஆனால் இங்கேதான் பலரும் வழுக்கி விழுகிறார்கள், நானும் ஒரு காலத்தில் விழுந்தேன். கிளை பிரிந்து 40 கோடி ஆண்டு ஆயிற்று என்பதால் 40 கோடி ஆண்டாகக் குகைக்குள் இருக்கிறது என்று ஆகாது. அந்தக் கிளையில் திறந்த கடலில் திரிந்த எத்தனையோ பேர் இருந்து அழிந்திருக்கலாம், இருட்டுக்குள் ஒதுங்கிய ஒரு சிறு கூட்டம் மட்டும் இன்றைக்கு மிஞ்சியிருக்கலாம். டெக்சாஸில் கார்பனிஃபெரஸ் காலப் பாறையில் டெஸ்னுசோகாரிஸ் என்ற படிவம் இருக்கிறது, ரெமிபீட்டின் மூதாதை என்று ஒரு தரப்பு, அப்படிச் சொல்ல முடியாது என்று இன்னொரு தரப்பு. நடுவில் முப்பது கோடி ஆண்டுக்கு ஒரு எலும்பு, மன்னிக்கவும், ஒரு ஓடு கிடையாது.

குகை எப்போது உண்டானது என்பது ஒரு கணக்கு. இந்தக் கூட்டம் இருட்டுக்கு எப்போது ஒதுங்கியது என்பது இன்னொன்று. அதன் வம்சம் எப்போது பிரிந்தது என்பது வேறொன்று. முதல் கணக்கை எரிமலைப் பாறை சொல்லிவிடும், மூன்றாவதை மரபணு ஓரளவு சொல்லும். நடுவில் இருப்பதுதான் நீங்கள் கேட்ட கேள்வி, அதற்குத்தான் நேர்ச் சாட்சி இல்லை, சுற்றிவளைத்துத்தான் போக வேண்டும்.

மரபணு வித்தியாசத்தை எண்ணி, பிரிந்த காலத்தைச் சொல்லும் மரபணுக் கடிகாரமும் அப்படியொன்றும் தங்கக் கடிகாரம் இல்லை. மெட்டாக்ராங்கோனிக்ஸ் என்ற நிலத்தடி ஆம்ஃபிபாட் மொராக்கோவிலும் மத்தியதரைக் கடலின் பலேரிக் தீவுகளிலும் கேனரியின் ஃபுவெர்தெவென்துராவிலும் உண்டு, அட்லாண்டிக் தாண்டிக் கரீபியனின் ஹிஸ்பானியோலா தீவிலும் உண்டு. 2012இல் அதன் மைட்டோகாண்ட்ரியா மரபணுவை முழுதாகப் படித்து, பெருங்கடல் திறந்ததால்தான் பிரிந்தது, டெத்திஸ் கதை உண்மை என்று எழுதினார்கள். அடுத்த ஆண்டே வேறு சிலர் அதே கணக்கை வேறு மாதிரி போட்டு, வயது அவ்வளவு பின்னால் போகவில்லை என்றார்கள். தரவு ஒன்று, எந்த நிகழ்ச்சியில் கடிகாரத்தை முடுக்கிவிடுகிறோம் என்பதில்தான் வித்தியாசம். எனவே டெத்திஸ் என்று கேட்டதும் கை தட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான், பழங்கடல் தம்பி கோவிக்க வேண்டாம். டிஃப்லாட்டியா கூட்டத்தின் மரபணுவை 2017இல் பார்த்தவர்கள், பழைய பிரிவு, கடல் தாண்டல் இரண்டும் கலந்துதான் இருக்கிறது என்று சொன்னது எனக்கு நியாயமாகப் படுகிறது.

என் அபிப்பிராயம் இவ்வளவுதான்: ஒரே குகையில் நீந்துகிறார்கள் என்பதற்காக எல்லாரும் ஒரே பேருந்தில் வந்தவர்கள் இல்லை. உங்கள் வெள்ளை நண்டு ஆழத்திலிருந்து ஏறி வந்திருக்கும். அதே சுரங்கத்து ரெமிபீட் ரொம்பப் பழைய கரையோரக் குடியாக இருக்கும்.

பழங்கடல்:

கோபமெல்லாம் இல்லை அண்ணா. ஆனால் அடைகாக்கும் கூட்டத்துக்கு டெத்திஸ்தான், அதில் ஒரு அங்குலம் நகர மாட்டேன். ரெமிபீட்டுக்கும் சேர்த்துத்தான். 2007இல் பஹாமாஸின் அபக்கோவில் அதன் லார்வாவைப் பிடித்தார்கள். அது தீனி தின்னாது, முட்டைக் கருவில் மிஞ்சியதை வைத்தே காலம் தள்ளும். கட்டுச்சோறு தீர்ந்தால் கதை முடிந்தது. அட்லாண்டிக்கைத் தாண்ட அது போதுமா?

பாறைநண்டு:

போதாது. ஆழத்தில் குளிர்ந்த நீரில் மெல்ல வளர்ந்தால் கட்டுச்சோறு கொஞ்சம் கூடுதல் நாள் தாங்கும் என்று வாதாடலாம், ஆனால் எனக்கே அதில் பெரிய நம்பிக்கை இல்லை. இந்த ஆட்டம் உங்களுக்கு.

வலிகாமத்தான்:

எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டிருந்தேன். மேலே நன்னீர், கீழே கடல்நீர் என்றதும் எங்கள் யாழ்ப்பாணத்துப் புத்தூர் நிலாவரைக் கிணறுதான் கண்ணுக்குள் நிற்குது. இராமர் அம்பு விட்டுத் தண்ணீர் எடுத்த இடம் என்று அம்மம்மா சொல்லுவா, அதுக்குள்ளே தேசிக்காய் (எலுமிச்சை) போட்டால் கீரிமலையில் மிதக்கும் என்றும் சொல்லுவா. மேலே குடிக்கலாம், ஆழம் போகப் போக உப்பு. இதுவும் அந்த அங்கியாலைன் வகைதானோ ஐயா?

பாறைநண்டு:

தண்ணீர் அமைப்பைப் பார்த்தால் அதே இயந்திரம்தான். யாழ்ப்பாணக் குடாநாடு மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல், ஓட்டை ஓட்டையாக அரித்த பாறை. மழைநீர் உப்புநீரைவிட லேசானது என்பதால் வில்லை மாதிரி மேலே மிதக்கும். கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 மீட்டர் நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. அதனால்தான் கிணற்றில் அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு ஏறுகிறது, உங்கள் ஊர்த் தோட்டக்காரர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. பாறைக்குள் நீர் ஓடும் வழிகள் உண்டு என்பதைத்தான் அந்தத் தேசிக்காய்க் கதையும் தன் பாணியில் சொல்கிறது.

யுகடான் குகைகளிலும் இதே இரண்டடுக்கு. அடுக்குகள் சந்திக்கும் இடத்தில் நீர் எண்ணெய் கலந்தாற்போல் கலங்கித் தெரியும். மேலே காட்டு மண்ணில் இலைதழை அழுகி வரும் மீத்தேனைப் பாக்டீரியா தின்கிறது, பாக்டீரியாவை டிஃப்லாட்டியா இறால் தின்கிறது. 2017இல் வந்த ஆய்வில் அந்த இறாலின் உணவில் ஐந்தில் ஒரு பங்கு மீத்தேன் வழியாக வந்தது என்று கண்டார்கள். வெயிலே படாத இடத்தில் அவை எப்படிப் பிழைக்கின்றன என்று அடுத்து கேட்கப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே பதில்.

உப்புக்காற்று:

எல்லாருக்கும் நன்றி. ஒரு கேள்விக்கு இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை, வேலை முடிந்து அறையில் படுத்தபடி இரண்டு தடவை படித்தேன். எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன், தவறென்றால் திருத்துங்கள்: குழாய் புதிது, பக்கத்துப் பாறை பழையது, நண்டு கீழேயிருந்து ஏறி வந்தது, ரெமிபீட் கரையோடு வந்தது, அசென்ஷன் இறால் கடலைத் தாண்டியது. சரியா?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். குளத்தில் காசு போடக் கூடாது என்று பலகை இருக்கிறது, உலோகம் கரைந்து நண்டுக்கு ஆகாதாம். அதைப் படிப்பதற்கு முன்பே எங்கள் பேக்கரிப் பையன் வேண்டிக்கொண்டு ஒரு 20 சென்ட் காசை எறிந்துவிட்டான். காவலர் பார்த்துக் கத்தினார், நாங்கள் நாலு பேரும் தலை குனிந்து வெளியே வந்தோம். டிசம்பரில் மறுபடி அங்கே நிற்போம். அவன் இப்போதே கேட்கிறான், கேட்டால் உள்ளே விட்டு அந்தக் காசை எடுக்க விடுவார்களா என்று.

பாறைநண்டு:

புரிந்தது சரி, ஒவ்வொன்றுக்கும் பின்னால் 'அனேகமாக' சேர்த்துக்கொள்ளுங்கள். காசை எடுக்க உங்கள் பேக்கரிப் பையனை இறங்க விட மாட்டார்கள், இடத்தை மட்டும் காட்டிவிட்டு வரச் சொல்லுங்கள்.